தேதி பார்த்து வராத பூச்சி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மாமரங்களும் ஏறக்குறைய சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போனில் நீ, "வியாபாரி சொல்றபடி மருந்தை அடிச்சுடும்மா, எதுக்கு வம்பு" என்றாய். பக்கத்தில் அப்பா இருந்ததால் பேச்சை மாற்றினேன். இப்போது சொல்கிறேன், நம் காயை வாங்கும் அந்த வியாபாரி சொன்ன மருந்தை நான் அடிக்கவில்லை, அடிக்கவும் மாட்டேன். போன வருஷம் அவர் குறித்த தேதி வந்துவிட்டது என்பதற்காக, பூ முழுசாக விரிந்திருந்த நேரத்தில் அடித்தோம். தேனீ ஒன்றுகூட மிஞ்சவில்லை, பிஞ்சு பிடிக்கவில்லை, அடுத்த வாரம் வானம் மூடிக் கிடந்ததும் தத்துப்பூச்சி திரும்பி வந்து இருந்த பூவையும் உறிஞ்சிக் கருக்கியது. தப்பு என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் நின்றேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. இந்த வருஷம் மழை ஒரு மாதம் பிந்தி, குளிர் பிந்தி, பூவும் பிந்தியது. பூச்சி எங்கே தேதி பார்க்கிறது, வானத்தை அல்லவா பார்க்கிறது! வெயில் சுள்ளென்று அடித்தால் பட்டை இடுக்கில் பதுங்கும், மூட்டமும் பனியும் சேர்ந்தால் பூங்கொத்தில் மொய்க்கும். அதனால் தினமும் காலையில் தலையணை உறையை விரித்துப் பூங்கொத்தைத் தட்டி, விழுவதை எண்ணுகிறேன். "இன்னும் பேர் வைக்கலையா?" என்று அப்பா கேலி செய்தார். கொத்துக்கு இரண்டு, மூன்றுதான் விழுந்தது. போன வாரம் மூன்று நாள் மூட்டம் போட்டதும் கிழக்கு வரிசையில் பதினொன்று. தேனீ அடங்கிய பிறகு அந்த வரிசைக்கு மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தோம், தெளிப்பானைத் தூக்கியது கேலி செய்த அதே மனுஷன்தான். நேற்று நான்காகக் குறைந்திருக்கிறது. வியாபாரிக்குப் பொறுக்கவில்லை. "படிச்சவங்க பூச்சியை எண்ணிக்கிட்டு இருங்க, நான் வேற தோப்பைப் பார்த்துக்கறேன்" என்று வண்டியைக் கிளப்பினார். தாராளமாகப் பாருங்கள் என்றேன். காய் பிடித்தும் வாங்க ஆள் இல்லாவிட்டால் ஒரு வருஷ உழைப்பு மரத்தடியில் அழுகும், எனக்குத் தெரியாதா? பயம் இருக்கிறது. பயத்துக்காக மறுபடி தேனீயைக் கொல்ல மாட்டேன்.

எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூடட்டும், தலை நிமிர்ந்து இரு. தச்சரிடம் மூன்று ஏணி செய்யச் சொல்லிவிட்டேன், நாமே பறிக்கப் போகிறோம். ஒன்று எனக்கு, ஒன்று அப்பாவுக்கு. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, மறந்துவிடாதே.

உன்னை எண்ணியிருக்கும்
அம்மா