நாலாம் மைல் என்று சொன்னேன்

1927 மார்ச் 7, திங்கள். கிள்ளான்.

முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. பாசாருக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கினேன். திரும்பும்போது மேரு சாலைப் பக்கமிருந்து மூன்று லோரிகள் மண் ஏற்றிக்கொண்டு வந்தன. செம்மண். பட்டாணி அளவு சரளை கலந்தது. நான் முப்பது வருஷம் ரோட்டு வேலை பார்த்தவன், அதில் பதினேழு வருஷம் ஆள்களைக் கட்டி மேய்த்த மண்டோர். மண்ணைப் பார்த்தால் எத்தனையாவது மைல் என்று சொல்லிவிடுவேன். மேரு சாலையில் இந்த மண் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஆறாம் மைல் மேடு.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் பை இல்லை. எங்கே வைத்தேனோ. திரும்பிப் போய்த் தேடவும் கால் வரவில்லை.

மார்ச் 8

மாட்டு வண்டியில் போய்ப் பார்த்தேன். வெட்டுகிறார்கள். மேட்டின் அடிவாரம் மேற்குப் பக்கத்தில் ஓர் ஆள் உயரம் போய்விட்டது. பண்டமாரான் சதுப்பில் ரோடு உயர்த்த மண் வேண்டுமாம். குத்தகைக்காரர் பெயர் ஜெய்னுதீன், நாகூர்ப் பக்கத்து மனிதர், நாற்பது வயதிருக்கும். நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு அவர் நின்றார்.

"வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க அண்ணே, உக்காருங்க."

"யாரைக் கேட்டு வெட்டறீங்க?"

"கவர்மெண்டைக் கேட்டுத்தான். காகிதம் இருக்கு, காட்டவா?"

"இது இடுகாட்டு மேடு. நாப்பத்து மூணு பேரைப் பொதச்சிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. மேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு கல்லு கூடக் காணலையே. லாலான் புல்லுதான் இருந்துச்சு. யாரு பொதச்சது?"

"நான்தான்."

"அண்ணே, கபுருன்னு காகிதத்துல ஒரு வரி இருந்தா நான் இந்த மண்ணைத் தொட்டிருக்க மாட்டேன். எனக்குக் கொடுத்த காகிதத்துல வெறும் மேடுன்னுதான் இருக்கு. நீங்க ஒரு காகிதம் கொண்டாங்க, அன்னிக்கே நிறுத்தறேன். பேச்சு மாற மாட்டேன்லா."

காகிதம். 1909இலிருந்து 1911 வரை காட்டை வெட்டி இந்தச் சாலை போட்டோம். குளிர்காய்ச்சலில் என் கட்டு ஆள்கள் செத்தபோது யார் காகிதம் கொடுத்தார்கள்? காலையில் பெயர் கூப்பிடுவேன், பதில் குரல் வராது. மாலையில் குழி. என் மனைவி இராஜம்மாவும் அங்கேதான் இருக்கிறாள்.

மார்ச் 9

யாரிடமும் சொல்லாததை எழுதிவிடுகிறேன். பயம் நெஞ்சிலேயே இருந்தால் மூச்சு முட்டுகிறது.

1912இல் அந்த மேட்டின் அடியில் மழைத் தண்ணீர் வடியக் கான் வெட்டினோம். பக்கிரிசாமியின் மண்வெட்டியில் ஏதோ இடித்தது. தோண்டி எடுத்தால் வெண்கல மணி. முழங்கால் உயரம், உடம்பெல்லாம் சுருள் சுருளாகக் கோலம். நாக்கு இல்லை. பெண்கள் அம்மன் வந்துவிட்டாள் என்று அதைத் தூக்கிக்கொண்டு போய், புளி போட்டுத் தேய்த்துப் பொட்டும் வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் எஞ்சினியர் துரை வந்தார். இது எத்தனை நூறு வருஷத்துக்கு முந்தியதோ, எங்கே கிடைத்தது, சரியாக இடத்தைக் காட்டு என்றார்.

இராஜம்மாவைப் புதைத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பழைய பொருள் கிடைத்த இடத்தை வெள்ளைக்காரர்கள் சல்லடை போட்டுத் தோண்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எலும்பையும் பெட்டியில் வைத்து, மியூசியம் என்கிற செத்த காலேஜில் காட்டுவார்களாம்.

"நாலாம் மைல்" என்றேன்.

நாலாம் மைல் கரும் சேறு. அங்கே மூன்று நாள் தோண்டினார்கள். நான் துரைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மணி கோலாலம்பூர் மியூசியத்துக்குப் போயிற்று. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டி, அதன் மேல் ஓர் அட்டை. பேப்பர் பார்த்துப் பார்த்து நானாகக் கற்ற இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கிள்ளான், மேரு சாலை, நாலாம் மைல், கண்டெடுத்தவர் இன்ன எஞ்சினியர். வெட்டியவன் பெயரும் இல்லை, காத்தவன் பெயரும் இல்லை. பொய் மட்டும் அச்சாகியிருந்தது.

உண்மையைச் சொல்லியிருந்தால் பழம்பொருள் கிடைத்த இடம் என்று மேட்டுக்கு ஒரு காகிதம் இருந்திருக்கும். ஒரு குத்தகைக்காரனும் மண்வெட்டி வைத்திருக்க முடியாது.

இப்போது போய்ச் சொன்னால்? சர்க்காரிடம் பொய் சொன்னவன் என்று உள்ளே போடுவார்கள். இல்லாவிட்டால் கப்பல் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அறுபத்து நாலு வயதில் நாகப்பட்டினத்தில் இறங்கி யார் வீட்டுக்கு நான் போக? அப்படியே மேட்டைக் காப்பாற்றினாலும் அடுத்தாற்போல் மியூசியத்துக்காரர்களே வந்து தோண்டுவார்கள்.

இந்தப் பக்கமும் தோண்டுவான், அந்தப் பக்கமும் தோண்டுவான். எந்தப் பக்கம் போறது நான்?

மார்ச் 11

போகவில்லை. முழங்கால் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முழங்கால் இல்லை.

மார்ச் 14

ஜெய்னுதீன் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பை வெளியே விட்டு நின்றார், உள்ளே வரவில்லை.

"நீங்க சொன்னது நெசந்தான் அண்ணே. காலையில கால் எலும்பு வந்துச்சு. ஆளுங்க மண்வெட்டியப் போட்டுட்டு ஓடிட்டானுங்க. நானே வெள்ளைத் துணியில சுத்தி ஓரமாப் பொதச்சிட்டு வரேன்."

நன்றி என்றேன். அவர் போகவில்லை.

"அதுக்கு முன்னாடி எட்டு லோரி போயிடுச்சு. அதுல என்ன இருந்துச்சோ. நாலு நாள் வேற பக்கம் எடுக்கறேன், எனக்கும் மேல ஆளு இருக்கு. அதுக்குள்ள காகிதம் கொண்டாங்க."

எட்டு லோரி. அதை என்ன செய்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஒன்பது அங்குலம் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளையை மூன்று தரம் ஓட்டுவார்கள். நான் செய்யாத வேலையா.

எட்டாம் தேதியே ரயில் ஏறியிருக்கலாம். ஆறு நாள் என்ன செய்தாய்டா கிழவா.

மார்ச் 15. செந்தூல்.

நேற்று சாயங்காலமே மைல் மைலாகப் போய் மூன்று துணி முடிச்சில் மண் எடுத்து வந்தேன். இன்று ரயிலில் மகள் வீட்டுக்கு வந்தாயிற்று. மாப்பிள்ளை ரயில்வே பட்டறையில் பிட்டர், வீடும் பட்டறை வீடு. விஷயத்தைச் சொன்னதும் சீதாலெட்சுமி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"பதினஞ்சு வருஷம் கழிச்சுப் போயி நான்தான் பொய் சொன்னேன்னு நின்னா, மாலை போட்டு அழைச்சிட்டுப் போவாங்களா? போலீஸ் இந்த வீட்டு வாசலுக்கு வந்தா இவரு வேலை என்னாகும்?"

"அங்க உங்க அம்மா இருக்கா."

"அம்மா செத்துப் போயிட்டாங்கப்பா. நாங்க இருக்கோம்."

அவள் பயம் நியாயமான பயம். என் பயமும் அதேதான், நான் அதைப் பிடிவாதம் என்று சொல்லிக்கொள்கிறேன், அவ்வளவே.

மார்ச் 16

மியூசியம். கிளார்க் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் அம்பலவாணர். பிரிக்பீல்ட்ஸ்வாசி. கஞ்சி போட்ட கோட்டு.

"அந்த மணி நாலாம் மைல்ல கிடைச்சதில்ல. ஆறாம் மைல்" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"நாலாம் மைல்னு சொன்னதும் நான்தான்."

பெரிய பதிவுப் புத்தகத்தை எடுத்து விரலால் தேடினார். "இதில உங்கட பேர் இல்லையே. பேரே இல்லாத ஆள் எப்பிடி ஐயா பொய் சொல்லியிருக்க ஏலும்?"

முடிச்சுகளை அவர் மேசையில் அவிழ்த்தேன். நாலாம் மைல் கருஞ்சேறு. ஐந்தாம் மைல் வெளுத்த களி. ஆறாம் மைல் சிவப்பு, சரளை. "வெளியில புளி போட்டுத் தேச்சிட்டாங்க. உள் மூலைக்குக் கை போகாது. மணிக்குள்ள ஒட்டியிருக்கற மண்ணைச் சுரண்டிப் பாருங்க. அது எந்த மைல்னு மண்ணே சொல்லும்."

அவர் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "எல்லாரும் தங்கட காணிக்குள்ள புதையல் இருக்கெண்டு சொல்லிக்கொண்டு வருவினம். நான் பொய் சொன்னனான் எண்டு வந்து நிக்கிற முதல் ஆள் நீங்கள்தான். பெட்டி திறக்க எனக்கு அதிகாரம் இல்லை. மியூசியத் துரை வெள்ளிக்கிழமை வருவார்."

வெள்ளிக்கிழமை ஜெய்னுதீனின் நாலாவது நாள்.

மார்ச் 17

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். எல்லாம் பட்டறைக்குப் போகிறவர்கள்.

மார்ச் 18, வெள்ளி

துரை ஒல்லியான மனிதர். என்னை உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. மணியைக் கவிழ்த்து, உள் மூலையில் சின்னக் கத்தியால் சுரண்டி, வெள்ளைத் தாளில் கொட்டினார். பக்கத்தில் என் மூன்று மண். குழந்தைக்குக்கூடத் தெரியும். சிவப்பு.

ஏன் பொய் சொன்னாய் என்று அம்பலவாணர் மூலமாகக் கேட்டார். அங்கே எங்கள் பிணங்கள், உங்கள் ஆள்கள் தோண்டுவார்கள் என்று பயந்தேன் என்றேன். துரை தாளைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"இப்பவும் தோண்டத்தான் வேணுமாம். வெட்டுறதை நிப்பாட்டச் சொல்லிக் கிள்ளானுக்கு எழுதுவாராம். நீங்கள் சொன்னதைக் கைப்பட எழுதித் தரவேணும்."

எழுதினேன், தமிழில். 1912இல் சர்க்கார் அதிகாரியிடம் பொய் சொன்னேன் என்று முதல் வரி. இரண்டு முறை நிப்பு கிழித்தது.

"தாள் கிழியுதே, வயசோ?" என்றார் அம்பலவாணர்.

"பயம்" என்றேன்.

மார்ச் 21. கிள்ளான்.

கடுதாசி இன்று நண்பகல்தான் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை மேற்குச் சரிவு முழுவதும் போய்விட்டது.

ஜெய்னுதீன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாலு நாள்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை இருட்டற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன் அண்ணே."

அவர் சொன்ன சொல் தவறவில்லை. மேற்குச் சரிவில் பதினொரு பேர். எழுதி வைக்கிறேன், கன்னையா, அவன் தம்பி, வீரம்மா, வீரம்மாவின் கைக்குழந்தை — மற்ற ஏழு பெயரும் தெரியும், இன்று எழுத முடியவில்லை. யார் தலையில் இந்தப் பாவத்தை வைக்க? அந்த எஞ்சினியரை, சர்க்காரை, காகிதத்தை இத்தனை வருஷம் திட்டித் தீர்த்தேன். நாலாம் மைல் என்று சொன்ன வாய் யாருடையது?

பண்டமாரான் ரோட்டில் இனி நான் கால் வைக்கமாட்டேன்.

ஏப்ரல் 4

சர்க்கார் முத்திரையோடு ஒரு கடிதம். பிரிக்கவில்லை.

ஏப்ரல் 6

சீதாலெட்சுமி வந்து பிரித்தாள். தெரு முனையில் இருக்கும் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டு வந்தாள். நானே படித்திருப்பேன், எழுத்துகள் நிற்கவில்லை. பொய் சொன்னதற்குக் கண்டிப்பு, வழக்கு இல்லை. மேட்டைச் சர்க்கார் காவலில் எடுத்திருக்கிறார்கள். மே பதினாறு தோண்டத் தொடங்குவார்கள், மணி இருந்த இடத்தைக் காட்ட நான் வரவேண்டும்.

"ஜெயில் இல்லப்பா" என்று இரண்டு முறை சொன்னாள். ஜெயில் என்றிருந்தால் மே பதினாறாம் தேதி நான் அங்கே நிற்க வேண்டியிருக்காது.

மே 16

முள்கம்பி போட்டு அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறார்கள். கான் இருந்த இடத்தைக் காட்டினேன். முதல் குழியில் துருப்பிடித்த இரும்புத் துண்டுகள், வளைந்த பிடி. பக்கத்து மலாய்க் கம்பத்துக் கிழவர் ஒருவர் எட்டிப் பார்த்து "தூலாங் மாவாஸ்" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். காட்டு மனிதக் குரங்கின் எலும்பாம், தொடக்கூடாதாம். பழங்காலக் கருவி என்று துரைக்கு மிகுந்த சந்தோஷம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

மே 18

இரண்டாவது குழி, மேட்டின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே. இடுப்பளவு போனதும் வெட்டியவன் கையைத் தூக்கினான். துரை எல்லோரையும் நிறுத்தினார். அம்பலவாணர் பதிவுப் புத்தகத்தோடு இறங்கி வந்தார்.

"பழசோ, உங்கட ஆளோ?"

குனிந்து பார்த்தேன். அப்போது துணிக்கு எங்கே போவது, ரோட்டுத் தார் பூசிய சாக்கில்தான் சுற்றினோம். சாக்கு மக்கிவிட்டது. தார் மட்டும் சாக்கின் இழையோடு அப்படியே ஒட்டிக் கிடந்தது.

"எங்க ஆளு."

"பேர்?"

சின்ன எலும்புகள். பெண்ணாக இருக்கலாம். நான் நட்ட கல் இல்லை, அடையாளம் வைத்த மரம் இல்லை, மேற்கே சரிவே இல்லை. எங்கிருந்து எத்தனை அடி என்று அளக்க? இராஜம்மா என்று சொல்லியிருக்கலாம். எழுதிக்கொண்டிருப்பார்கள். மறுத்துச் சொல்ல உயிரோடு ஒருவரும் இல்லை. வாய் வரைக்கும் வந்தது.

"தெரியலைங்க" என்றேன்.

அவர் எழுதினார். எழுதியதை எனக்காகத் தமிழில் வாசித்தார். "மேரு வீதி, ஆறாம் மைல். ரோட்டு வேலையாள் ஒருவர். பேர் தெரியாது. எடுக்கப்படவில்லை." துரை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்தக் குழியை மூடிவிடலாம், உச்சிப் பக்கம் இனி வேண்டாம் என்றாராம்.

மண்வெட்டியை வாங்கி நானே மூடினேன். முழங்கால் வலித்தது, விடவில்லை. மண் மட்டத்துக்கு வந்ததும் கை பழக்கத்தில் திமிசுக் கட்டையைத் தேடியது. ரோட்டுக்காரன், தளர்ந்த மண்ணைக் கண்டால் அடித்து இறுக்கிவிடுவான். அங்கே கிடந்த ஒன்றைத் தூக்கியும் விட்டேன்.

கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையால் தடவி விட்டு வந்தேன்.