மேகாங்கில் விழுந்த பாஸ்போர்ட்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முட்டிவலி தேவலையா? நான் நலம்.

கம்போடியாவிலிருந்து வியட்நாமுக்குப் புது வேலைக்காகப் பாதி தூரம் பஸ்ஸிலும் மீதி மேகாங் ஆற்றுப் படகிலும் வந்தேன். கொள்ளிடம் பாலத்தில் நீ செய்வதுபோல் ஆற்றில் காசு போடக் குனிந்தேன். சட்டைப்பையிலிருந்த பாஸ்போர்ட்டும் விழுந்து மிதந்தது.

"காசு பத்தாதுன்னு பாஸ்போர்ட்டயும் போட்டியா மச்சான்?" என்றான் கூட வந்த நஸ்ருதீன். சொன்னவன் முகமும் வெளுத்திருந்தது.

பக்கத்துப் படகில் மீன் விற்ற அம்மா வலைக்கூடையை நீட்டி அதை அள்ளிக் கொடுத்தார். பிறகு வெகுநேரம் திட்டினார். ஒரு சொல்லும் புரியவில்லை. என்னை யாரும் அப்படித் திட்டி ரொம்ப நாளாகிறது. கும்பிட்டேன். ஈரத்தோடு காட்டியும் எல்லையில் விட்டுவிட்டார்கள்.

நஸ்ருதீனின் அண்ணன் பரங்கிப்பேட்டையிலிருந்து அடுத்த மாதம் வருகிறார். கழுத்தில் மாட்ட ஒரு துணிப்பை அவரிடம் கொடுத்தனுப்பு. டெய்லரிடம் கொடுக்காதே, நீயே தை. கம்பெனி வண்டி வந்துவிட்டது.

இளவரசு