பெண் மீனின் இரத்தம்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போகிறீர்களா, இல்லை வழக்கம்போலத் தும்மல்தானா?

நீங்கள் கேட்டபடி மாப்பிள்ளையின் கதையை முடித்துவிட்டோம். இரத்தம் ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள், வீணாகவில்லை. மயக்க ஊசி போடும்போதும் என் கோட்டுப் பொத்தானை மென்றுகொண்டிருந்தது. நாலு வருஷம் என் கையால் தின்ற முயல். மீன் விந்தின் புரதத்தைப் பிடிக்கிற ஆன்டிபாடி அதன் இரத்தத்தில் மட்டும்தான் இருந்தது என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறேன். அந்த இரத்தத்தில் பாதியை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நான் அங்கே வருவதற்கான கடிதத்தில் உங்கள் பேராசிரியர் கையெழுத்துப் போட்டாரா?

உங்கள் வாயாடி

மார்ச் 19

என் வாயாடிக்கு,

போட்டுவிட்டார். மீன் விந்தில் மட்டும் உள்ள புதுப் புரதம் என்று நாம் எழுதிய கட்டுரையை வைத்துத்தான் எனக்கு வேலையே நிரந்தரமாகிறது. பெட்டியைக் கட்டத் தொடங்கு. முயலுக்காக மூக்கைச் சிந்தாதே, தும்முவதற்கு இங்கே நான் ஒருவன் போதும்.

உன் தும்மல்காரன்

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

கை கால் ஓடவில்லை. நேற்று மாப்பிள்ளையின் ஆன்டிபாடியைச் சோதித்தேன். சோதனைத் தகட்டில் ஒரு வரிசை காலியாக இருந்தால் புரதப் பட்டைகள் கோணலாக ஓடுமே என்று, கைக்கு அகப்பட்ட பெண் மீனின் இரத்தத்தை அதில் ஊற்றினேன். விந்தில் விழுகிற அதே பட்டை அதிலும் விழுந்தது. பெண் மீனுக்கு ஏது விந்து?

அன்றைக்கு முயலுக்கு ஊசியில் ஏற்ற ஆண் மீன்களின் வயிற்றை அழுத்தி விந்து எடுத்தபோது இரத்தம் கலந்திருக்கிறது. முயல் பிடித்துக்கொண்டது அந்த இரத்தப் புரதத்தைத்தான். நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

கட்டுரையைப் போட்ட பத்திரிகைக்கு இருவருமாக உண்மையை எழுதிவிடுவோம். வேலை போனால் போகட்டும், வந்துவிடுங்கள். எங்கேயாவது பிழைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 17

வாயாடிக்கு,

இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? பெண் மீனிலும் பட்டை விழும் என்பது கட்டுரை அனுப்பும்போதே எனக்குத் தெரியும். அந்த வரிசையை வெட்டிவிட்டுத்தான் படத்தைப் போட்டேன். உன் வாயில் எதுவும் தங்காது என்றுதான் சொல்லவில்லை. பேராசிரியர் ஆன்டிபாடியைக் கேட்டார், காட்டியாக வேண்டியிருந்தது, அதற்குத்தான் முயலின் இரத்தம். உன்னிடம் உள்ள மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிவிடு. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வீட்டில் உனக்கென்று ஜன்னலோரம் மேசை போட்டிருக்கிறேன்.

உன் தும்மல்காரன்

மே 1

உங்களுக்கு,

தெரியாமல் நடந்திருந்தால் உங்களோடு சேர்ந்து அவமானப்பட்டிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டே, ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்று எனக்கு எழுதினீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மிச்சத்தைக் கொட்டவில்லை. பெண் மீனின் பட்டையோடு முழுப் படத்தையும், உங்கள் கடிதத்தையும் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். கட்டுரையில் என் பெயரும் இருக்கிறது, என் வேலையும் போகும். டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். மேசையில் வேறு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கூண்டு காலியாகத்தானே இருக்கிறது, புது முயல் வாங்கட்டுமா என்று இன்று ஆய்வகத்தில் கேட்டார்கள். எதற்கு என்று கேட்டேன்.

முயலுக்குத் தீனி போட்டவள்