பாதி வால் பூனை

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

முதுகுவலி தேவலையா? தலைவாரிவிடும்போது பாப்பா அடம் பிடிக்கிறாளா? நான் சௌக்கியம்.

இங்கே நான் வேலை பார்க்கும் தையல் கடையில் குழந்தைகளுக்கு ஒரே நிற உடுப்புதான். வெள்ளைக் கவுன் என்றால் பொத்தான், நூல் எல்லாமே வெள்ளை. அந்தந்தக் குழந்தை கேட்ட படத்தை மட்டும் அதே நிற நூலில் கையாலேயே தைத்துக் கொடுப்போம். போன வாரம் ஒரு சிறுமி பூனை கேட்டிருந்தாள். கை போன போக்கில் நம் வீட்டுப் பூனையையே தைத்துவிட்டேன், நீங்கள் கதவில் நசுக்கிய அந்தப் பாதி வாலோடு!

"மீதி வால் எங்கம்மா?" என்று முதலாளியம்மா குதித்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன். அதற்குள், போட்டுப் பார்த்த அந்தக் குழந்தை வாலைத் தடவி, "இதுக்கு வலிக்குதா?" என்று கேட்டது.

"இப்ப இல்ல கண்ணு" என்றேன்.

அப்புறம் கவுனைக் கழற்றவே மாட்டேன் என்றுவிட்டது. முதலாளியம்மாவும் சிரித்துவிட்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

பாப்பாவுக்கும் ஒன்று வெட்டியிருக்கிறேன், நான் கிளம்பியபோது இருந்த அளவில். தோளையும் உயரத்தையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள், கண்ணளவு வேண்டாம். இடைவேளை முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். கீழே தாராளமாக மடிப்பு விட்டிருக்கிறேன். அதையும் தாண்டி வளர்ந்திருந்தால், என்னிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா