உலக்கை இல்லை, மணல் டின்

மார்ச் 17, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. சாயங்காலம் அம்மன் கோயிலில் காப்புக் கட்டு. முளைப்பாரி வளர்க்க மண் ஓடு, எரு, பயறு தயார். பள்ளிக்கூடச் சத்துணவுக்கு முட்டை வரவில்லை, போன் போட வேண்டும்.

மணல் நிரப்பிய எண்ணெய் டின்னைத் தரையிலிருந்து தூக்கி இறக்கியது பதினைந்து தடவை. கை ஊன்றாமல் தரையில் உட்கார்ந்து எழுவது, பத்து. கடைசி இரண்டில் முழங்கால் நடுங்கியது. எழுந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் களத்தில் மிளகாயைக் கிளறிவிட்டு வந்து பார்த்துச் சிரித்தார். "நாப்பத்தெட்டு வயசுல ஒனக்கு எதுக்குடி பயில்வான் வேலை? பள்ளிக்கூடத்துல சோத்துச் சட்டி எறக்குறது பத்தாதா?"

பத்தாது. தீபாவளிக்கு முன்னால் சும்மா வழுக்கினதற்கே மணிக்கட்டு முறிந்தது. ராமநாதபுரத்து டாக்டர் படம் பார்த்துவிட்டு, எலும்பு வலு குறைந்துவிட்டது, அடுத்து இடுப்பு ஒடிந்தால் படுக்கைதான் என்றார். எலும்புக்கும் சதைக்கும் எடை தூக்குவதுதான் நல்லது, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகணும் என்றார். அந்த ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோ பொண்ணு முறையாகக் கற்றுக்கொடுத்தது.

அம்மா இடுப்பு ஒடிந்து மூன்று வருஷம் கட்டிலில். திருப்பிப் போட்டுத் துடைத்துவிட்டது நான். எனக்கு அந்தக் கதி வேண்டாம். இதைச் சொன்னால் இவருக்குச் சிரிப்பு.

மார்ச் 19, வியாழன்

ஆத்திரம் அடங்கவில்லை.

காலையில் கோயில் கமிட்டித் தலைவர், கூட இரண்டு பேர், வாசலில். பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா போய்ச் சொல்லியிருக்கிறாள். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிறவரை ஊரில் யாரும் உலக்கை போடக்கூடாது. என் வீட்டில் விடிந்ததும் உலக்கைச் சத்தமாம்!

"ஏத்தா செல்வி, தெரிஞ்சே இப்புடிச் செய்யலாமா?" என்றார் தலைவர்.

டின்னைக் காட்டினேன். தூக்கி வைத்தும் காட்டினேன். தொம். தலைவர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒலக்கையோ டின்னோ, சத்தம் ஒண்ணுதானத்தா. திருவிழா முடியட்டும், நிப்பாட்டிரு."

"அப்ப மாவு மில்லு ஓடுதே?"

"அது மெசினு. கணக்குல வராது."

மெஷின் எவ்வளவு கத்தினாலும் குற்றமில்லை. பொம்பளை ஒரு டின்னை வைத்தால் தெய்வக் குற்றம். நல்ல நியாயம்! தலைவருக்கு நாற்காலி இல்லாமல் உட்கார முடியாது, முதுகுப் பிடிப்பு. அந்த மனுஷன் வந்து எனக்குச் சொல்கிறார்.

அவர்கள் போனபிறகு இவர், "ஊரே சிரிக்குதுடி, விட்டுத்தொலை." அது என்னவோ எல்லாவற்றையும்விட வலித்தது.

மார்ச் 20, வெள்ளி

பிசியோ பொண்ணுக்குப் போன். "சத்தம் வராம எறக்குங்கம்மா. அஞ்சு எண்ணி மெதுவா எறக்குங்க. எறக்குறதும் பயிற்சிதான், இன்னும் நல்லது."

செய்தேன். தூக்குவதைவிட இறக்குவது கொடுமை. தொடை எரிகிறது. ஆறு தடவைதான் முடிந்தது.

முட்டை வந்தது. உடைசல் பதினொன்று.

மார்ச் 22, ஞாயிறு

முளைப்பாரி விரல் நீளம். காற்று, புழுதி.

டின் பன்னிரண்டு. பூனை நடந்த சத்தம்கூட இல்லை. பஞ்சவர்ணம் அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"இன்னுமா தூக்குற?"

"சத்தம் கேட்டுச்சாக்கா?"

"கேக்கல."

"அப்ப என்ன?"

தலை உள்ளே போய்விட்டது. இவர் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ரசம் வேணுமா என்று கேட்கவில்லை.

மார்ச் 25, புதன்

முளைப்பாரி கரைத்தாயிற்று. கை கால் நல்லபடி இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஊருணிப் படியில் பாசி. தலையில் முளைப்பாரி ஓடு, வரிசையில் நான் நாலாவது. இடது கால் சர்ரென்று போய்விட்டது. பின்னால் "ஏத்தா!" என்று ஒரே கூச்சல். அம்மாவின் கட்டில் கண்ணுக்குள் வந்தது. வலது கால் தாங்கியது. கிட்டத்தட்ட உட்கார்ந்தேவிட்டேன், ஓட்டைப் பிடித்த இரண்டு கையையும் எடுக்காமல். அப்படியே எழுந்தேன். ஒரு பயிர்கூடச் சாயவில்லை.

பஞ்சவர்ணம் அக்கா குலவை போட்டாள். கமிட்டித் தலைவர், "பாத்தீகளா, ஆத்தா தாங்கிட்டா!" இவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார், கண்ணெல்லாம் தண்ணீர். "ஆத்தாதான் காப்பாத்துனா. அடுத்த செவ்வா பொங்கல் வச்சிருவோம் செல்வி."

என் காலைப் பற்றி ஒருவர் வாயிலும் ஒரு வார்த்தை இல்லை.

வைக்கிறேன். பொங்கலும் வைக்கிறேன், விழுந்தும் கும்பிடுகிறேன். தை மாசத்திலிருந்து தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது யார் என்று ஆத்தாளுக்காவது தெரியும்.