இரண்டு வயது குறைந்த ஜாதகம்

கார்த்திகை 12, புதன்
பவானிபூர்

பள்ளிக்கூடம் போகாத பெண்ணும் பதினாறு வயது நிறைந்திருந்தால் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் எழுதலாம். தேறினால் சர்வகலாசாலை. எனக்குப் பதினேழு. யூக்ளிட் க்ஷேத்திரகணிதம் முழுவதும் முடித்துவிட்டேன். வயதுக்கு அத்தாட்சியாக ஜாதகம் கேட்டிருந்தார்கள். சாயங்காலம் அதை இங்கிலீஷில் எழுத உட்கார்ந்த என் அகத்துக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதன்படி எனக்குப் பதினைந்து!

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவைக் கேட்டேன். அவர் கொஞ்சம்கூடக் கூசவில்லை.

"கல்யாணத்துக்காக ரெண்டு வயசு குறைச்சுப் போட்டேன். ஊர்ல யார்தான் செய்யலை?"

"அப்போ நிஜ வயசை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கோப்பா."

"மெதுவாப் பேசுடி! உன் மாமியார் காதுல விழுந்தா என் மானம் என்னாறது? ஒரு வருஷம் பொறு, தானே பதினாறு ஆயிடும்."

பதினாறாம்! போன வருஷமே ஆன பதினாறு எனக்கு இன்னொரு தடவை எதற்கு? அப்பா வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிறார்.

விண்ணப்பத்துக்குச் சனிக்கிழமை கடைசி நாள். காலையில் காபி கொடுக்கும்போது மாமியாரிடம் என் நிஜ வயதை நானே சொல்லிவிடப்போகிறேன். அப்புறம் அப்பாவுக்கு ஒளிக்க ஒன்றுமிருக்காது, கையெழுத்துப் போட்டுத்தான் ஆகவேண்டும். மானம் போனால் அப்பாவுடையது. வருஷம் போனால் என்னுடையது.