மூப்பர் செய்த ஜெபம்

1946 ஜூலை, ஞாயிறு இரவு

சாயங்காலம் சபை மூப்பர் நாலைந்து பேரோடு வீட்டுக்கு ஜெபிக்க வந்தார். தாயில்லாத பெண்ணை வளர்க்க எனக்குத் துணையாக இருப்பார்களாம். ஸ்டேஷனில் சிக்னலைப் பழுது பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். கையில் கிரீஸோடு மகள் எஸ்தர் பக்கத்தில் முழங்கால் போட்டேன்.

மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "ஆண்டவரே, பதிமூணு வயசுப் பொண்ணு கிருத்திகையில காவடி பாக்கப் போயி, கண்டவங்களோட சுத்திகினு இருந்துச்சு. இவங்கம்மா உம்ம சமுகத்துல வெக்கப்பட்டுகினு நிக்கிறாங்க."

என் மனைவி செத்து மூன்று மாதம் ஆகவில்லை. அவளையும் இழுத்தாயிற்று. ஜெபம் என்று சொல்லிவிட்டால் யாரும் குறுக்கே பேச முடியாதே. எல்லாரும் ஆமென் சொன்னார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். அந்த டம்ளர்களைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

எஸ்தர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சாப்பிடவில்லை.

"இனிமே அவங்கள வூட்டுக்குள்ள வுடமாட்டேன் கண்ணு" என்றேன்.

"நீயுந்தான நைனா ஆமென் சொன்ன."

யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்கிறேன். அதுவும் சத்தமாக, அவள் காதுக்குப் பக்கத்தில்.